ஏழாம் நம்பர் லயத்தின் கேப்டன்

மஞ்சக்கானல் எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் லயத்தில் பேய் இருக்கிறது என்று அரசாங்கம் கண்டுபிடித்த நேரத்தில், ராமலட்சுமி வீட்டுக்குள்ளே உட்கார்ந்து கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள்.

கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியது பக்கத்து வீட்டு அமிர்தநாதன். அதில் பகை ஒன்றும் கிடையாது, லயத்தில் அது ஒரு உபகாரம். பள்ளிவாசல் என்கிற ஊருக்கு மேலே தேயிலைக்கு நடுவில் வரிசையாக இருக்கிற இந்த லயத்து வீடுகள் பூராவும் கம்பெனிக்குச் சொந்தம். கொழுந்து எடுக்கிற கை இருக்கும்வரைதான் வீடு. ஐம்பத்தெட்டு வயதில் கைக்கு ஓய்வு கொடுக்கும்போது, தலைக்கு மேலிருக்கிற கூரைக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிடுவார்கள். வீட்டில் வேறு யாராவது வேலைக்குச் சேர்ந்தால் தப்பிக்கலாம். ராமலட்சுமிக்கு ஒரே மகள், கோமதி. அவள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டு, புருஷன், இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் இருக்கிறாள். அந்த அறையில் கால் நீட்டுவதற்கே முறை வைத்திருக்கிறார்கள். சங்கரன்கோவில் பக்கம் பூர்வீக ஊர் என்று ஒன்று உண்டு. அங்கே இவள் பேரைச் சொன்னால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆகமொத்தம் ராமலட்சுமிக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு வீடு. அதைத்தான் காலி செய்யச் சொல்லி உத்தரவாகியிருந்தது.

உத்தரவைக் கையில் கொடுத்தால்தான் செல்லும். கொடுக்க வருகிறவர் கம்பெனி வாட்சர் சென்னிமலை. பெருமாட்டி ஊரில் தென்னந்தோப்பு பட்டுப்போய் மலையேறி வந்தவர், சத்தியவான். வாயில் பொய் வராது. அதனால் பூட்டிய கதவைத் தட்டி, "ஏனுங்க, உள்ள ஆளிருக்குதுங்களா?" என்று கேட்பார். உள்ளேயிருந்து, "ஆளில்ல" என்று பதில் வரும். 'விசாரித்ததில் ஆள் இல்லை என்று பதில் கிடைத்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போவார். பூட்டினவனுக்கும் கேட்டவருக்கும் பதில் சொன்னவளுக்கும் மனசாட்சி உறுத்தாத ஏற்பாடு. லயத்தில் பல பேர் இப்படி ஒரு மாதம், இரண்டு மாதம் இழுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு வந்தது சென்னிமலை இல்லை.

"ஆராவது இருக்கேளா?" என்றது ஒரு குரல்.

புது ஆளை அனுப்பியிருக்கிறார்கள் போல என்று ராமலட்சுமி நினைத்தாள். ஆள் புதிதானால் என்ன, கேள்வி அதே கேள்விதானே. கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஆளில்ல" என்றாள்.

வெளியே யாரோ பூட்டை இழுத்துப் பார்த்தார்கள்.

"எப்பலேர்ந்து இல்லை?"

சென்னிமலை இப்படியெல்லாம் துருவ மாட்டார். "போன மாசத்துல இருந்தே இல்ல" என்றாள்.

"அப்போ இப்பப் பேசறது ஆராக்கும்?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று லயத்தில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. திகைத்துப்போய் மூச்சை இழுத்தாள். அடுப்புப் புகை தொண்டையில் ஏறியது. பெரிதாக இருமினாள். தகரக் கூரை அந்த இருமலை வாங்கி இரண்டாக்கிக் கொடுத்தது.

"ஜிஸ்மி! கேட்டியா? பூட்டு வெளியில, சத்தம் உள்ள! நமக்குக் கிடைச்சாச்சு!" என்று வெளியே அந்தக் குரல் குதித்தது.

குதித்தவர் சாய்கிருஷ்ணா. பாலக்காடு கல்பாத்தியில் பிறந்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, மலையோர அமானுஷ்யச் சுற்றுலா வாரியத்தில் துணை இயக்குநராக உட்கார்ந்திருப்பவர். ஜனங்கள் சுருக்கமாகப் பேய் வாரியம் என்பார்கள். கூட நின்ற ஜிஸ்மி, வாரியத்தில் தற்காலிகப் பேய் விளக்க உதவியாளர்.

இப்படி ஒரு வாரியம் எதற்கு என்று கேட்டால், கீழே கடலோரத்தில் ஒரு பழைய பட்டணம் இருக்கிறது. அங்கே நாலு பையன்கள் டார்ச் லைட்டும் கையுமாகச் சுற்றுலாக்காரர்களைச் சந்து சந்தாகக் கூட்டிப்போய், இந்தக் கிடங்கில்தான் பரங்கிக் கேப்டன் தலையில்லாமல் நடப்பான், இந்தக் கிணற்றடியில்தான் ஒருத்தி அழுவாள் என்று கதை சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம். நாலு பேர் நன்றாகப் பிழைப்பதைப் பார்த்தால் அரசாங்கத்துக்குச் சும்மா இருக்க முடியுமா? வாரியம் அமைத்தார்கள். வாரியம், பட்டணத்துப் பேய் மட்டும் போதாது, மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும், அதுவும் மார்ச்சுக்குள் வேண்டும் என்றது. பேய் கிடைக்காத மாவட்டத்தின் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும்.

சாய்கிருஷ்ணா பாவம், மலை மலையாக அலைந்திருந்தார். ஒரு கிராமத்தில் பேய்க்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த ஜனங்கள், பாலம் இல்லாததால் ஆற்றோடு போனவர்கள் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். காரணத்தோடு வருகிற பேயை வாரியம் எடுத்துக்கொள்வதில்லை.

இது காரணமில்லாத பேய். அந்த வாரமே போர்டு நட்டார்கள்.

சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் அமிர்தநாதன் அதை வாசித்துக் காட்டினான். "யக்கா, இந்த வீட்ட இடிக்கக் கூடாதாம், வெள்ளையடிக்கக் கூடாதாம், உள்ள இருக்கத யாரும் வெளியேத்தக் கூடாதாம்."

ராமலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். "நல்லா இருக்கட்டும், யாரு பெத்த பிள்ளைகளோ."

"ஒங்களச் சொல்லலக்கா. பேயச் சொல்லுது."

"பேயா? நம்ம வீட்லயா? இத்தன வருசமா இருக்கேன், எங்கண்ணுல ஒன்னும் தட்டுப்படலியே!"

"நீங்கதான்க்கா அது."

அவள் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். "பேயா இருந்தா வீடு உண்டா?"

"உண்டு."

"மனுசியா இருந்தா?"

"இல்ல."

"பெறகு என்னத்த யோசிக்கச் சொல்லுத? காலையில சீக்கிரம் வந்து பூட்டு."

பேய் கிடைத்ததும் அதற்குச் சரித்திரம் வேண்டியிருந்தது. சரித்திரம் கையிருப்பில் இருந்தது. கடலோரப் பட்டணத்துக்காக எழுதி வாங்கியதை எல்லா மாவட்டத்துக்கும் சேர்த்தே அச்சடித்து வைத்திருந்தார்கள். அதன்படி, கப்பல் கவிழ்ந்து செத்த கேப்டன் வான் ஹெல்மன் தன் மனைவியைத் தேடி அலைகிறான். எஸ்டேட் பள்ளிக்கூட ஹாலில் லயத்து ஜனங்களைக் கூட்டி வைத்து சாய்கிருஷ்ணா அதை விளக்கினார்.

அமிர்தநாதன் எழுந்தான். "சார், கப்பல் கவுர இங்க கடல் இல்லையே."

"கடல் இல்லைங்கறது குறையில்லை, கேட்டேளா. அதாக்கும் நம்மளோட தனித்தன்மை. கடலை விட்டுட்டு இத்தனை உசரம் ஒரு கேப்டன் ஏறி வந்திருக்கான்னா, அவன் மனசுல எத்தனை துக்கம் இருந்திருக்கணும்!"

"இன்னொரு சந்தேகம் சார். இந்த மலையில செத்தது பூரா எங்க ஆளுக. விஷக்காய்ச்சல்ல செத்தாக, குளிர்ல செத்தாக, மண்ணு சரிஞ்சு குடும்பத்தோட போனாக. அந்தா அந்தக் கொழுந்துக்குக் கீழதான் கெடக்காக. தொரைமாரு ஒருத்தரும் இங்க சாகல. வயித்துவலின்னாலே கப்பலேறிப் போயிருவாகளாம். பேயா வந்தா எங்க ஆளுகதான வரணும்?"

சாய்கிருஷ்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல கேள்வி வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

"பேஷான கேள்வி. வாரியம் இதை ஆழமா ஆலோசிச்சது. தொழிலாளி செத்தா அது லேபர் டிபார்ட்மென்ட். கேப்டன் செத்தா அது கல்ச்சர். இன்னொரு டிபார்ட்மென்ட் விஷயத்துல நாம தலையிடப்படாது. பின்னே, இதையும் யோசிச்சுப் பாருங்கோ. நாளைக்கு ஒரு தொழிலாளிப் பேய் வந்து நிக்கறது. டூரிஸ்ட் அதுகிட்ட என்ன கேப்பான்? எப்படிச் செத்தேன்னு கேப்பான். அது சொல்லிடும். அப்புறம் டூர் நன்னாருக்குமோ? கேப்டன்னா அந்தத் தொந்தரவு இல்லை. அவனுக்கு நம்ம பாஷை தெரியாது."

அந்த நேரம் பார்த்து டீயும் பருப்பு வடையும் வந்ததால் ஜனங்கள் கைதட்டினார்கள். அதை வாரியம் ஏகமனதான ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டது.

டூர் ஆரம்பித்தது, காலை பதினொரு மணிக்கு. பேயைப் பார்ப்பதற்கு உகந்த நேரம் ராத்திரி என்று வாரியத்துக்கும் தெரியும். ஆனால் இருட்டினபிறகு அந்தப் பாதையில் யானை நடக்கும். யானைக்குத் தொந்தரவு கூடாது என்று வனத்துறை அனுமதி தரவில்லை. அதுவுமில்லாமல் ஊழியர்கள் ராத்திரி வேலை பார்க்க வாரியத்தின் சட்டத்தில் இடமில்லை. ஆகவே பேய் பதினொன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை. ஞாயிறு விடுமுறை.

ராத்திரி இல்லாத குறையை எப்படி நிவர்த்தி செய்வது என்று நிபுணர் குழு கூடிப் பேசி, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுக்கத் தீர்மானித்தது. அதைப் போட்டுக்கொண்டு பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி லயத்துக்குள் வருவார்கள். "இப்ப நடு ராத்திரி. எங்கும் கும்மிருட்டு" என்பாள் ஜிஸ்மி. மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும். கும்மிருட்டில் ஒருவர் சாக்கடையில் காலை விடுவார். உடனே மற்றவர்கள் அலறுவார்கள். அமானுஷ்ய அனுபவம் அங்கேயே தொடங்கிவிடும்.

இரண்டாம் நாளே ஜிஸ்மிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கூட்டம் போனபிறகு ஜன்னல் இடுக்கில் வாயை வைத்து, "சேச்சி" என்றாள்.

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது.

"சேச்சி, பயப்படண்டா. பேய் யாராவது வெங்காயம் உரிச்சு மூக்கு சீந்துமோ? எனக்குத் தெரியும். என் வேலை தாற்காலிகம். சேச்சி பேயில்லன்னு வெளிய தெரிஞ்சா எனக்கும் வேலை போகும்."

"அப்பம் நீயும் சொல்லாத தாயி, நானும் சொல்லல."

"பின்ன ஒரு காரியம். நாளைக்கு மத்திக் கருவாடு வேண்டா, நெத்திலி மதி. இன்னிக்கு ஒரு குரூப்புல ரெண்டு பேர் வாந்தி எடுத்துட்டாங்க."

மத்தியோ நெத்திலியோ, கருவாட்டு வாடை டூருக்குப் பெரிய பலமாக அமைந்தது. கதவருகில் வந்ததும் ஜிஸ்மி குரலைத் தாழ்த்தி, "கடல் மணம் வருதா? கேப்டன் வந்துட்டார்" என்பாள். இத்தனை உயரத்தில் கடல் மணக்கிறதே என்று வந்தவர்களுக்கு ரோமம் சிலிர்க்கும். தூத்துக்குடிக்காரர் ஒருவர் மட்டும் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது நெத்திலிக் கருவாடுல்லா?" என்றார். "அந்தக் காலத்துக் கப்பல்ல அதுதான் சேட்டா சாப்பாடு" என்றாள் ஜிஸ்மி. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கம்பெனி மானேஜருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. லயத்து வீடு பேர்ப்பதிவில் இருக்கிற தொழிலாளிக்கு மட்டும்தான் என்று வாரியத்துக்கு எழுதினார். வாரியம் யோசித்து, நியாயம்தான், பேயின் பேரைப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதியது. அன்று முதல் விடியற்காலையில் கொழுந்துக்குப் போகுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், "கேப்டன் வான் ஹெல்மன்!" என்று கிளார்க் கூப்பிடுவார். கூடை கட்டி நிற்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பதில் வராது. ஆளைக் காணோம் என்றால் மனுஷனுக்கு ஆப்சென்ட். பேய்க்கு அதுதான் பிரசென்ட். கேப்டன் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை என்று மேஸ்திரிமார் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பதிவில் வந்துவிட்டதால் கேப்டனுக்கு வசதி செய்துகொடுக்க வேண்டிய கடமை கம்பெனிக்கு வந்தது. மழைக்கு ஒழுகுகிற கூரையை மாற்றித்தரச் சொல்லி ராமலட்சுமி கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தாள். கேப்டன் கேட்காமலே ஆள் வந்தது. அவள் உள்ளே படுதாவைத் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு மூலையில் கிடக்க, மேலே இரண்டு பேர் புதுத் தகரம் அடித்துவிட்டுப் போனார்கள். கேப்டன் புண்ணியத்தில் அன்றைக்கு ராமலட்சுமி நனையாமல் தூங்கினாள். மறுநாளே வாரியத்திலிருந்து கடுமையான கண்டனம் வந்தது. ஒழுகும் சத்தம் அமானுஷ்ய ஒலியாகப் பட்டியலில் உள்ளது, அதை அழித்தது குற்றம், உடனே பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று. அதே இரண்டு பேர் வந்து, வாரிய நிபுணர் கீழே நின்று கை காட்ட, புதுத் தகரத்தில் பழைய இடத்திலேயே ஓட்டை போட்டார்கள்.

ராமலட்சுமி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். பகலெல்லாம் பூட்டிக் கிடக்க வேண்டும். கொழுந்துக் காட்டில் முதுகு ஒடிந்தாலும் தலைக்கு மேலே வானம் என்று ஒன்று இருந்தது, பேச நாலு பெண்கள் இருந்தார்கள். இங்கே இருமலாம், பாத்திரத்தை உருட்டலாம், அவ்வளவுதான். பேய்க்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் கதவு திறந்ததும் உள்ளே திரும்பி ஒருமுறை பார்ப்பாள். அடுப்பு இருக்கிறது, கொடியில் துணி இருக்கிறது, வீடு இருக்கிறது. சரி, நாளைக்கும் செத்திருப்போம் என்று நினைத்துக்கொள்வாள்.

மார்ச் முடியுமுன் வாரியத் தலைவர் நேரில் பார்வையிட வந்தார். வீட்டு முன்னால் ஷாமியானா போட்டார்கள். தலைவர், சாய்கிருஷ்ணா, கம்பெனி மானேஜர் மூவரும் நாற்காலியில். வாட்சர் சென்னிமலை கைகட்டி ஓரத்தில். படம் எடுக்கப் பள்ளிவாசலிலிருந்து ரிஜோ என்ற போட்டோக்காரன். கதவு வழக்கம்போல் வெளியே பூட்டியிருந்தது. உள்ளே ராமலட்சுமி கதவில் காதை வைத்து நின்றாள்.

தலைவர் பேசினார். "ஞான் சந்தோஷப்படுறேன். மாநிலத்துல நம்பர் ஒன் பேய் இதாணு. ஆனா ரோடு மோசம், ஜீப் வர முடியாது, பார்க்கிங் இல்ல. ஜனங்க பேயைத் தேடிக் கஷ்டப்பட்டு வரண்டா. பேய் ஜனங்களைத் தேடிப் போகணும். அதாணு நம்ம கொள்கை. அதனால இந்தப் பேயை மெயின் ரோட்டுல ஒரு ரிசார்ட்டுக்கு இடமாற்றம் செய்யத் தீர்மானிச்சிருக்கோம். அங்க ஏசி உண்டு, நீச்சல்குளம் உண்டு. கடல் இல்லாத குறையும் தீரும். இந்த வீடு நாளைக்கே கம்பெனிக்குத் திருப்பிக் கொடுக்கப்படும்."

மானேஜர்தான் முதலில் கைதட்டினார்.

கைதட்டல் அடங்குமுன் கதவு உள்ளேயிருந்து இடிபட்டது. "ஏ அமுருதம்! கதவத் தெறடா!"

அமிர்தநாதன் தலைவரைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். கதவு பிய்ந்துவிடும் போலிருந்தது. திறந்துவிட்டான்.

நைட்டிக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, நெற்றியில் அடுப்புக்கரி. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ராமலட்சுமி வந்து நின்றாள். தலைவர் எழுந்து சாய்கிருஷ்ணாவுக்குப் பின்னால் போனார்.

"ஐயா, நான் பேயில்ல. எம் பேரு ராமலட்சுமி. இந்த எஸ்டேட்டுல கொழுந்து எடுத்தவ. எனக்கு வேற போக்கெடம் இல்ல. இந்த வீட்ட எடுத்துராதீக."

மானேஜர் பாய்ந்து எழுந்தார். "பாத்தீங்களா சார்! நான் அன்னிக்கே சொன்னேன். இவ எங்க பழைய லேபர். பேயும் கிடையாது, பிசாசும் கிடையாது. வீட்டுல ஆளிருக்கு!"

சாய்கிருஷ்ணாவுக்கு முகம் வெளுத்தது. ஆள் இருந்தால் பேய் இல்லை. பேய் இல்லையென்றால் அவர் அனுப்பின அறிக்கை பொய், ஒதுக்கீடு திரும்பிப் போகும், அதோடு அவரும் போவார். தலைவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சாய்கிருஷ்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மானேஜர் சார், ஆளிருக்குன்னு எப்படிச் சொல்றேள்? விசாரிச்சேளா?"

"எங்க வாட்சர் வாரா வாரம் விசாரிச்சிருக்கான்."

"அவரைக் கூப்பிடுங்கோ."

சென்னிமலை முன்னால் வந்து கும்பிட்டார். "வாரந் தவறாம வந்து கேட்டனுங்க. கதவத் தட்டித்தான் கேட்டனுங்க."

"என்ன பதில் வந்தது?"

"ஆளில்லைன்னுதானுங்க வந்துச்சு."

"ஒரு தடவையாவது ஆளிருக்குன்னு வந்ததோ?"

"இல்லீங்க. பொய் சொல்றதுக்கு நம்மளால ஆகாதுங்க."

"அதை மானேஜர் ஏத்துண்டாரோ?"

"அய்யாதானுங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாரு."

மானேஜர் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, நாந்தான் உள்ள இருந்து சொன்னேன்" என்றாள் ராமலட்சுமி. "நான் சாகல. இந்தா பாருங்க, கையத் தொட்டுப் பாருங்க."

அவள் கையை நீட்டியதும் தலைவர் இன்னும் ஒரு அடி பின்னால் போனார். சாய்கிருஷ்ணா பையிலிருந்து வாரியத்தின் பேய்க் கையேட்டை எடுத்து விரித்தார். "சார், ஆறாம் பக்கம். தான் சாகவில்லை என்று பிடிவாதமாகச் சொல்வதே பேயின் முதல் லட்சணம்."

"பக்ஷே கேப்டன் ஆணாச்சே?" என்று தலைவர் காதோடு கேட்டார்.

"அவன் தேடற பொண்டாட்டியா இருக்கலாம், சார். அப்படின்னா நமக்கு ரெண்டு பேய். வேற எந்த ஜில்லாவுக்கும் ரெண்டு கிடையாது."

தலைவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. ராமலட்சுமி அமிர்தநாதனைப் பார்த்தாள். அவன், இனி ஒன்றும் சொல்லாதே என்று கண்ணைக் காட்டினான். ஜிஸ்மி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராமலட்சுமிக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. பேயென்று முடிவானாலும் வீடு போகிறதே. தலைவரைப் பார்த்துக் கேட்டாள்.

"சரிங்கய்யா. நான் பேயாவே இருந்துட்டுப் போறேன். அந்த நீச்சல்கொளத்துல கொண்டுபோய் விட்டா நான் எங்க அடுப்பு மூட்டுவேன், எங்க படுப்பேன்? இந்த வீட்ட எடுத்தா நீங்கதான் எனக்கு வழி சொல்லணும். ஒங்க வீடு எங்க இருக்கு?"

"எந்தினா? எதுக்கு?" என்றார் தலைவர்.

"அங்க வந்துருதேன். பெரிய வீடாத்தான் இருக்கும், ஒரு ஓரமாப் படுத்துக்கிடுதேன். பிள்ளைக உண்டா? தொட்டில் ஆட்டுதேன், சமையல் பண்ணுதேன். நான் ஒங்க குடும்பத்தோடயே கெடந்துக்கிடுதேன். இப்பமே வேணாலும் கெளம்பிருதேன். ஜீப்புல ஒரு எடம் இருந்தாப் போதும்."

மனசாரக் கேட்டாள். வயிற்றெரிச்சலில் கேட்டதல்ல. அந்த நேரத்துக்கு அவளுக்கு அது ஒரு வழியாகத்தான் தெரிந்தது. ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"வரண்டா! வரண்டா!" என்று தலைவர் இரண்டு கையையும் விரித்துக் கத்தினார். நாற்காலி கவிழ்ந்தது. "சாய்கிருஷ்ணா, எழுதுங்க! இடமாற்றம் ரத்து. இந்த வீடு பேய்க்குத்தான். பேய்க்கு மட்டுந்தான். இப்பவே ஒப்பு போடுறேன், பேனா எவிட? மானேஜரே, நீங்களும் ஒப்பு போடுங்க!"

"சார், கம்பெனிச் சட்டப்படி..." என்று மானேஜர் ஆரம்பித்தார்.

"அப்போ இதை உங்க பங்களாவுக்கு அனுப்பவா?"

ராமலட்சுமி மானேஜர் பக்கம் நம்பிக்கையோடு திரும்பினாள். மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

ஜீப்பைத் திருப்புகிற அவசரத்திலும் தலைவர் போட்டோவை மறக்கவில்லை. எல்லோரும் வரிசையாக நின்றார்கள். "சேச்சி, கொஞ்சம் சிரிக்கணும்" என்றான் ரிஜோ. அவளுக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து கோமதி போன் செய்தாள். எடுத்ததுமே அழுகை.

"யம்மா, பேப்பர்ல ஒன் போட்டோ வந்திருக்கு. இங்க பக்கத்து வீட்டு அண்ணன் காட்டுனாரு. கீழ பேயின்னு போட்டிருக்கான்மா. என்னம்மா இது அநியாயம்?"

"அழாத. வீட்டப் பத்தி என்ன போட்டிருக்கான்? அத வாசி."

கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். "இவ்வீடு பேய்க்கே நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது. பேய் இருக்கும்வரை யாரும் காலி செய்யச் சொல்லக் கூடாது."

"இன்னொரு மட்டம் வாசி."

வாசித்தாள்.

"பேய்க்கு எத்தன வயசுல ரிட்டயர்மெண்டுன்னு போட்டிருக்கா?"

"அது எப்படிம்மா போடுவான்? செத்ததுக்கு ஏது வயசு?"

"அப்பஞ் சரி" என்றாள் ராமலட்சுமி. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "பிள்ளைகளுக்கு எப்பம் லீவு? கூட்டிட்டு வா. வந்து காலு நீட்டிப் படுங்க. ஒங்கம்மைக்குச் சொந்த வீடு இருக்கு."